நாலு வீட்டுத் திறப்பு

என் திறப்புக் கோர்வையில் இப்போது நாலு வீட்டுத் திறப்புக் கிடக்கிறது. என் வீட்டுத் திறப்பைச் சேர்க்காமல். நாலும் எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகள்தான், ஒரே வளவாக இருந்து பிரிந்த காணி, ஒரு கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் மற்ற வீட்டுக் குசினிக்குக் கேட்கும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறப்பேன். யன்னலைத் திறந்துவிட்டு, முற்றம் கூட்டி, சாமித்தட்டில் விளக்கு வைத்து, தண்ணி மோட்டரை ஐந்து நிமிடம் ஓடவிடுவேன் (விடாவிட்டால் இறுகிப்போகும், போன மாரிக்கு ஒன்று அப்படித்தான் போனது, பதினெட்டாயிரம் ரூபாய்). பிறகு பூட்டிவிட்டு அடுத்த வீடு. நாலையும் முடிக்க இருட்டிவிடும்.

நாலாவது திறப்பு போன மாதம்தான் வந்தது. கடைசிச் சின்னம்மா கனடாவுக்கு மகளிடம் போய்விட்டார். அறுபத்தைந்து வயதில் முதல் தடவையாகப் பிளேன் ஏறினார். வான் வந்து கடப்படியில் நிற்கிறது, இவர் திரும்பத் திரும்ப ஒரே கதை: "புள்ள, பின் வளவுப் பிலா காய்ச்சா விக்காத, அக்கம் பக்கத்துக்குக் குடு. தேங்காய மட்டும் ஆளப் பிடிச்சுப் பறிப்பிச்சிரு." அழவில்லை. வான் ஒழுங்கை திரும்பின பிறகு அழுதது நான்தான், அதுவும் பிலாவை நினைத்து.

அன்று இரவு படுத்துக்கொண்டு ஒரு கணக்குப் பார்த்தேன். 1967இல் இந்த வளவில் ஒரு வீடு, அதில் பத்துப் பேர். பெத்தா (அம்மாவின் தாய்), பெத்தப்பா, ஏழு பிள்ளைகள், பெத்தாவின் தாய். இன்றைக்கு இதே வளவில் ஐந்து வீடு, அதில் நாலு பேர். நான், அவர், மகள், அம்மா. ஒரு வீட்டுக்குள் பத்துப் பேர் என்பது எப்படி ஐந்து வீட்டுக்குள் நாலு பேர் ஆனது என்பதைத்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், பெண் போவதில்லை. தமிழருக்கும் சரி, சோனகருக்கும் (முஸ்லிம்களுக்கும்) சரி, குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியில்தான் வரும். ஆகவே மூத்த மகளுக்குக் கலியாணம் பேசினால் தாயும் தகப்பனும் இருக்கிற வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னால் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள், அடுத்தவளுக்கு அடுத்த வீடு, அதற்கடுத்தவளுக்கு வளவின் மூலை. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் காணி இல்லாத இடத்தில் இப்போது மாடிக்கு மேல் மாடியாக ஏறுகிறதும் இதே சீதன வீடுதான். எங்கள் பெத்தாவுக்கு நாலு பெண். நாலு வீடு. பெரியம்மாவுக்கு இரண்டு பெண் என்றபடியால் ஐந்தாவதும் வந்தது. அந்த வீடுகள் எல்லாம் பெண்பிள்ளை வெளியே போகமாட்டாள் என்ற நம்பிக்கையில் கட்டியவை.

பெத்தா 1928இல் பிறந்தவர். பதினாறு வயதில் கலியாணம். எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று ஒருநாள் கேட்டேன், நான் அப்போது ஓ.எல். படிக்கிறேன், ஏதோ பாடத்துக்கு எழுத வேண்டியிருந்தது. பெத்தா வாயால் சொல்லவில்லை. வெற்றிலை வட்டாவை முன்னுக்கு இழுத்து, சீவின பாக்கை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். பதினொன்று. பிறகு முதலாவதை நகர்த்தினார், மூன்றாவதை, நாலாவதை, எட்டாவதை. "பதினொண்டு பெத்தன் புள்ள, ஏழு நிண்டிச்சு." முதலாவது காய்ச்சல். மற்றது பிறந்து எட்டாம் நாள். இன்னொன்று வயிற்றோட்டம். எட்டாவதுக்கு என்னவென்று சொல்லவில்லை, அந்தப் பாக்கை மட்டும் வாயில் போட்டுக்கொண்டார். சொல்லும்போது குரலில் ஒரு மாற்றமும் இல்லை, அதுதான் எனக்கு அப்போது பயமாக இருந்தது.

பிறகுதான் விளங்கியது, அந்த ஊரில் அந்த வயதில் உள்ள எல்லாரிடமும் இப்படி ஒரு வட்டாக் கணக்கு இருந்தது என்று. 1946இல் இலங்கையில் உயிரோடு பிறக்கிற ஆயிரம் பிள்ளையில் 141 பிள்ளை ஒரு வயதைக் காணவில்லை. ஏழில் ஒன்று. 1934–35இல் வந்த மலேரியாவில் மட்டும் 80,000 பேரளவில் செத்தார்கள் என்கிறார்கள், பெரும்பகுதி தென்மேற்கிலும் குருநாகல், கேகாலைப் பக்கமும்தான், ஆனால் எங்கள் பக்கத்துக்குக் காய்ச்சல் வருசாவருசம் வந்துபோகிற விருந்தாளி, தனியாக ஒரு கொள்ளை தேவைப்படவில்லை.

அப்புறம் மலேரியா நுளம்பைக் கொல்லும் டி.டி.ரி. மருந்து வந்தது. மருந்தடிக்கிறவர்கள் வந்தால் சட்டிபானையெல்லாம் முற்றத்துக்கு வரும், சுவர் முழுக்க வெள்ளைப் பூச்சு, ஒரு கிழமைக்கு வீட்டுக்குள் அந்த மணம், மூட்டைப்பூச்சியும் சேர்ந்து செத்ததில் பெத்தாவுக்குப் பெரிய சந்தோசம். நாடு முழுக்க ஆயிரம் பேருக்கு 20.2 என்று இருந்த இறப்பு வீதம் 1946இலிருந்து 1947க்குள் 14.3 ஆகிவிட்டது. ஒரே வருசத்தில்! உலகத்தில் சனத்தொகையைப் பற்றிப் படிக்கிறவர்கள் இந்த எண்ணை வைத்துப் பல வருசம் சண்டை பிடித்திருக்கிறார்கள், டி.டி.ரி.தான் காரணம் என்று ஒரு பக்கம், மலேரியா இல்லாத இடங்களிலும் இறப்புக் குறைந்ததே, ஆஸ்பத்திரியும் உணவு மானியமும் எங்கே போயின என்று மறுபக்கம். இரண்டும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம். பெத்தாவிடம் கேட்டிருந்தால் மூன்றாவதாகக் களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியையும் கிளினிக்கிலிருந்து வீடு வீடாக வருகிற மிட்வைஃப் மிஸ்ஸையும் சொல்லியிருப்பார். பின்னால் பிறந்த பிள்ளைகளை மருத்துவிச்சி பார்க்கவில்லை, மிஸ்தான் பார்த்தார். அந்த ஏற்பாடு புதிதல்ல, முதல் சுகாதாரப் பிரிவு களுத்துறையில் 1926இலேயே தொடங்கியது, அது கொஞ்சம் கொஞ்சமாக ஆறு கடந்து குளம் கடந்து எங்கள் பக்கம் வந்து சேரத்தான் காலம் எடுத்தது.

இப்போது மகளின் புவியியல் கொப்பிக்கு வருவோம். அவள் ஏ.எல். படிக்கிறாள். அதில் குடித்தொகை நிலைமாற்றம் என்று ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள், இரண்டு கோடு. தொடக்கத்தில் பிறப்பும் உயரம் இறப்பும் உயரம், சனம் கூடுவதுமில்லை குறைவதுமில்லை. பிறகு இறப்புக் கோடு சடாரென்று விழும், பிறப்புக் கோடு மேலேயே நிற்கும், இடைவெளியில் சனம் பெருகும். அதன்பிறகு பிறப்பும் விழுந்து இரண்டும் கீழே சந்திக்கும். அமெரிக்கக்காரர் வாரன் தொம்சன் 1929இலும் பிராங்க் நோட்ஸ்டீன் 1945இலும் ஐரோப்பாவைப் பார்த்து எழுதியது. தொழிற்சாலை வந்து, பட்டணம் வந்து, பணம் வந்து, அதனால் பிள்ளை குறைந்தது என்பது அதன் கதைப்போக்கு. ஸ்வீடன் மாதிரி நாடுகளுக்கு அந்த மாற்றம் முழுவதும் நடக்க நூறு நூற்றைம்பது வருசம் எடுத்தது.

அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தன் பேனையால் நிழல் அடித்து வைத்திருந்தாள் மகள். அந்த நிழல்தான் என் மாமன்மாரும் சின்னம்மாக்களும். 1946இல் இலங்கையில் 66 இலட்சம் பேர், 1981இல் ஒரு கோடியே 48 இலட்சம். பெத்தா தன் தாய் பெற்ற அளவுக்குத்தான் பெற்றார், கூடப் பெறவில்லை. ஆனால் தாயின் பிள்ளைகள் போல இவருடையவை சாகவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். "சனம் பெருகிப்போச்சு, கட்டுப்பாடு இல்லாமப் பெத்துப்போட்டாங்க" என்று அந்தத் தலைமுறையைச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஏழு நிற்க வேண்டும் என்றால் பதினொன்று பெற வேண்டிய காலத்தில் பழகின பழக்கம், சாவு குறைந்துவிட்டது என்று ஒருவரும் வீட்டுக்கு வந்து கடிதம் கொடுப்பதில்லையே.

இந்தோனேசியாவின் ஆச்சேயில் சுனாமிக்குப் பிறகு ஆய்வு செய்தவர்கள் இதன் மறுபக்கத்தைக் கண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் திரும்பப் பெற்றது ஒன்று. அதைவிட, அதிகம் பேர் செத்த ஊர்களில் அதுவரை பிள்ளையே இல்லாத பெண்களும் முன்னதாகவே பெறத் தொடங்கியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தபோது ஆச்சரியப்படவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்முனையிலும் மருதமுனையிலும் நாவலடியிலும் என்ன நடந்தது என்று இந்தக் கரையில் உள்ளவர்களுக்குத் தெரியும், இலங்கையில் ஆகக் கூடுதலாகச் செத்தது அம்பாறை மாவட்டத்தில்தான். நான் 2006இல் கலியாணம் முடித்தேன். அந்த வருசமும் அடுத்த வருசமும் எங்கள் பகுதியில் வயிறு இல்லாத பெண்ணைக் காண்பது அரிது என்று கிளினிக் மிஸ் பகிடியாகச் சொல்லுவார். பகிடிதான், ஆனால் கண் கலங்கும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். பணம் வந்தால் பிள்ளை குறையும் என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். 1974இல் புக்கரெஸ்டில் நடந்த உலக சனத்தொகை மாநாட்டில் இந்திய அமைச்சர் கரன் சிங் "அபிவிருத்திதான் ஆகச் சிறந்த கருத்தடை" என்ற கருத்தை வைத்தார், அது பெரிய சுலோகமாகிவிட்டது. எங்கள் ஒழுங்கையில் அபிவிருத்தி என்று சொல்ல 1974இல் ஒன்றுமே இல்லை. கறன்ட் இல்லை. ரோட்டு கிறவல். ஆனால் பிள்ளை அப்போதே குறையத் தொடங்கிவிட்டது. ஐம்பதுகளில் இலங்கையில் ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கு மேல் பிள்ளை, 1993இல் 2.3. அதற்கிடையில் நாடு பணக்கார நாடாகிவிட்டதா? கோல்டுவெல் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் இலங்கை, கேரளா, கொஸ்ராரிக்கா மூன்றையும் சேர்த்து வைத்து, ஏழ்மையிலும் சாவைக் குறைத்த இடங்கள் என்று 1986இல் எழுதினார். அவர் முக்கியமாகக் காட்டியது பெண்பிள்ளைகளின் படிப்பை.

அதைத்தான் நானும் சொல்கிறேன். 1945இல் கன்னங்கரா காலத்தில் இலவசக் கல்வி வந்தது. அதன் நன்மை பெத்தாவுக்கு இல்லை, பெயர் எழுத மட்டும் தெரியும். பெரியம்மா ஐந்தாம் வகுப்பு. அம்மா பத்தாம் வகுப்பு வரை போனார். கடைசிச் சின்னம்மா ஏ.எல். எடுத்தவர். கலியாண வயதைப் பாருங்கள்: பெத்தாவுக்கு 16, பெரியம்மாவுக்கு 19, அம்மாவுக்கு 22, சின்னம்மாவுக்கு 27. நாட்டுக் கணக்கும் இதே ஏணிதான், 1901இல் பெண்களின் சராசரிக் கலியாண வயது 18.3, 1971இல் 23.5, 1981இல் 24.4. அறுபதுகளில் பிள்ளை குறைந்ததற்குக் கருத்தடைக் குளிசையைவிடப் பெரிய காரணம் பிந்தின கலியாணம். ஒருவரும் திட்டம் போடவில்லை. பெண் படிக்கிறாள், முடியட்டும். சீதன வீட்டுக்குக் கூரை போடவில்லை, போடட்டும். மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை, கிடைக்கட்டும். இப்படியே நாலு வருசம் போனால் இரண்டு பிள்ளை குறைந்துவிடும். எங்கள் சீதன வழக்கமே ஒரு வகைக் குடும்பக் கட்டுப்பாடு என்று ஒருநாள் ஆசிரியர் அறையில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதை நேர்கோடாக நினைக்கவும் கூடாது. போர் நடந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் கலியாண வயது திரும்பிக் கீழே வந்தது. பிள்ளையை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பதினைந்து பதினாறு வயதில் கட்டிவைத்த வீடுகள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எத்தனை! என்னோடு படித்த ஒருத்தி முப்பத்தைந்து வயதில் பெத்தா ஆகிவிட்டாள். அந்தக் காலத்தைக் கணக்கிலும் பார்க்க முடியாது, 1981க்குப் பிறகு 2012 வரை மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு முழுமையான குடிசன மதிப்பீடு நடக்கவே இல்லை, 31 வருசம். 2001இல் நாடு முழுக்க எடுத்தபோது அம்பாறை முழுமையாக உள்ளே வந்தது, நாங்கள் வரவில்லை. அந்த 31 வருசத்துக்குள் பிறந்து, எண்ணப்படாமலே செத்தவர்களும் இருக்கிறார்கள்.

எண்ணுவது என்று சொன்னவுடன் இன்னொன்று. கிழக்கில் சனத்தொகை என்று வாயைத் திறந்தால் ஒருவரும் பிறப்பு வீதம் பேசமாட்டார்கள், யார் எத்தனை வீதம் என்றுதான் பேசுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தோடு சிங்களக் குடியேற்றம் வந்தது, 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது, இங்கே சனத்தொகை என்பது காணி, காணி என்பது வாக்கு. ஆனால் அது முற்றி எங்கே போகும் என்பதையும் கண்டோம். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டிக்குள் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று கதை கட்டிக் கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். கடைசியில் அது மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னார். சாப்பாட்டில் போட்டு ஆளை மலடாக்கும் மாத்திரை உலகத்தில் இல்லை. எங்கள் ஆட்களும் சும்மா இல்லை, "அவங்க பெருகுறாங்க" என்று தேத்தண்ணிக் கடையில் இருந்து பேசுகிற அண்ணன்மாரின் வீட்டிலேயே ஒரு பிள்ளை. காத்தான்குடியில் என்னோடு பயிற்சிக் கலாசாலையில் படித்த தோழியின் உம்மா எட்டுப் பெற்றவர், தோழிக்கு மூன்று, அவளுடைய மகள் ஒன்றோடு நிற்கிறாள். எல்லாரும் ஒரே படியில்தான் இறங்குகிறோம், ஒருத்தர் கொஞ்சம் முன்னே, ஒருத்தர் பின்னே.

படியில் இறங்க வைத்தது படிப்பு என்றால், கீழே பிடித்து வைத்திருப்பது செலவு. அந்தக் காலத்தில் பிள்ளை என்றால் ஏழு வயதில் ஒரு கை. மாமா ஏழு வயதில் வயல் வட்டைக்குள் பன்றிக் காவல், மாட்டுக்குப் பின்னால் போவது. பெரியம்மா எட்டு வயதில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஆக்கினார். சம்பாத்தியம் பிள்ளையிலிருந்து தாய் தகப்பனுக்குப் போனது. இப்போது வெட்டு மெசின் வந்து ஒரு பின்னேரத்தில் வேளாண்மையை வெட்டித் தள்ளிவிட்டுப் போகிறது, பிள்ளைக்கு வட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. பணம் மேலிருந்து கீழே ஓடுகிறது. இந்தத் திசைமாற்றம்தான் பிள்ளை குறைவதன் மூலம் என்று சொன்னவரும் அதே கோல்டுவெல்தான். நான் ஒரு ஆசிரியை, மகளுடைய ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருசத்தில் ரியூசன் காசு, ஓட்டோக் காசு, மாதிரி வினாத்தாள் காசு என்று எழுதி வைத்த கொப்பி இன்னும் இருக்கிறது. இரண்டாவது பிள்ளையைப் பற்றி நானும் அவரும் கடைசியாகப் பேசியது அந்த வருசம்தான், பேச்சு அந்தக் கொப்பியோடு முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் இதை நான் கையால் எண்ணுகிறேன். 2003இல் சேர்ந்தபோது முதலாம் தரத்தில் இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலும் முப்பத்தைந்து பிள்ளை, கதிரை காணாமல் பாயில் இருத்தினோம். இந்த வருசம் ஒரு பிரிவு, பதினாலு பிள்ளை. வித்தியாரம்பத்துக்கு வாங்கின பலூன் மிஞ்சியது. வெளியே தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், நகரத்துக்குப் போகிறார்கள், எல்லாம் உண்மை, ஆனால் பிறக்கவும் இல்லை. நாடு முழுக்க 2012இல் மூன்றரை இலட்சத்துக்கு மேல் பிறப்புப் பதிந்தார்கள். 2023இல் இரண்டரை இலட்சம்கூட இல்லை. 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நின்ற வரிசையை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், பாஸ்போட் வரிசையை மறந்துவிட்டார்கள், அந்த ஒரு வருசத்தில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேல் வேலைக்கு வெளிநாடு போனார்கள். பெறுகிற வயதில் உள்ளவர்கள்தானே போனது.

எங்கள் பக்கத்தில் போனது பெண்களும்தான். குவைத், சவூதி, கட்டார். என் வகுப்பில் இருக்கிற பதினாலில் மூன்று பிள்ளைக்குப் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மம்மாதான் வருவார். வீடு கட்டத்தான் போகிறார்கள், மகளுக்குச் சீதன வீடு. அங்கே வேறு யாருடைய பிள்ளையையோ குளிப்பாட்டி, இங்கே மதில் எழும்புகிறது.

நான் சொல்ல வந்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். 2024 குடிசன மதிப்பீட்டில் நாட்டில் 2 கோடியே 17 இலட்சம் பேர், வருசத்துக்கு 0.5 வீதம்தான் கூடியிருக்கிறது. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 2012இல் 25.2 வீதம், இப்போது 20.7. அறுபத்தைந்துக்கு மேலே 7.9இலிருந்து 12.6. பிரான்சில் முதியோர் 7 வீதத்திலிருந்து 14 வீதம் ஆக 115 வருசம் எடுத்தது, அதற்கிடையில் அவர்கள் ஓய்வூதியம், முதியோர் இல்லம், நேர்ஸ் எல்லாம் ஆறுதலாகக் கட்டினார்கள். நாங்கள் பன்னிரண்டு வருசத்தில் பெரும்பகுதி தூரத்தை ஓடிவிட்டோம், கையில் ஒன்றும் இல்லாமல். தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 பிள்ளை என்று எல்லாரும் வாயைப் பிளக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகும்போது சாம்சுங் இருக்கிறது. எங்களுக்கு இருந்தது மகள்தான்.

சும்மா சொல்லவில்லை. மட்டக்களப்பில் முதுமைக்கு இருந்த ஒரே காப்புறுதி அந்தச் சீதன வீடு. வீட்டை மகளுக்கு எழுதினால் மகள் பக்கத்திலேயே இருப்பாள், கடைசியில் வாயில் தண்ணி விட ஆள் இருக்கும். பெத்தா 2009இல் படுக்கையில் கிடந்த நாலு மாதமும் நாலு மகள்மாரும் முறை வைத்துக்கொண்டு பார்த்தார்கள், இரவில் யார் என்பதில் சண்டைகூட வந்தது, எனக்கு உனக்கு என்று. அதில் பெரியம்மா இப்போது இல்லை, மூத்த சின்னம்மா இல்லை, ஒருவர் கனடா. பெரியம்மாவின் மூத்த மகள் சுவிஸ், இளையவள் டொரொண்டோ, மூத்த சின்னம்மாவின் மகள் கொழும்பில் வங்கியில். நாலு மகள்மார் வழியில் நாங்கள் பதின்மூன்று பேர் பிறந்தோம். எங்களுக்குப் பிறந்தது பதினெட்டு. அந்தப் பதினெட்டில் இந்த ஊரில் இருப்பது ஐந்து.

அம்மாவுக்கு 73. சீனியும் பிரசரும். மாதத்தில் ஒரு செவ்வாய் கிளினிக். விடிய ஐந்து மணிக்கு நம்பர் எடுக்கப் போக வேண்டும், ஓட்டோக்காரத் தம்பி கூட்டிக்கொண்டு போவான். நான் ஒருமுறை லீவு போட்டுவிட்டுப் போய் இருந்தேன். வாங்கில் வரிசையாகக் கிழவிகள், ஒவ்வொருவர் மடியிலும் மருந்துக் கொப்பி வைத்த சொப்பிங் பை, பெரும்பாலும் தனியாக. என் பெத்தாவின் பிள்ளைகளைக் கொன்றது காய்ச்சலும் வயிற்றோட்டமும். மலேரியாவை 2016இல் உலக சுகாதார நிறுவனமே இங்கே இல்லை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டது. இப்போது வருவதெல்லாம் ஒரேயடியாகக் கொல்லாத, முப்பது வருசம் கூடவே இருந்து குளிசை தின்கிற வருத்தம். அதற்கு ஆஸ்பத்திரியைவிட வீட்டில் ஒரு ஆள்தான் வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரு கிழவி என்னைப் பார்த்து, "மகள் வந்திரிக்காளா? குடுத்துவச்ச ஆள்" என்று என் அம்மாவிடம் சொன்னார். அவருக்கு மூன்று பெண், லண்டனில் இரண்டு, ஒன்று பிரான்ஸ். போன் எடுத்துப் பேரப்பிள்ளையின் படம் காட்டினார். மழை மாதிரிப் பனி.

இதைக் குறையாகச் சொல்கிறேனா? அம்மா பெற்ற நாலில் ஒன்றையும் இழக்கவில்லை, அது என்னவென்று பெத்தாவின் பாக்கைப் பார்த்தவளுக்குத் தெரியும். பதினாறில் கட்டிக்கொடுக்காமல் என்னைப் படிக்கவிட்டார்கள். திரும்பப் பதினொன்று பெறுங்கள் என்று சொல்கிற மேடைப் பேச்சாளர்களிடம், முதலில் நீங்கள் ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு இரவு முழிக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். ஆனால் பிள்ளை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்களுக்குச் சொன்னார்கள், சிவப்பு எழுத்தில் சுவரில் எழுதியும் வைத்தார்கள், குறைந்த பிறகு கிழவியை யார் கிளினிக்குக் கூட்டிப்போவது என்று அந்தச் சுவரில் இல்லை.

போன வெள்ளி மகளும் கூட வந்தாள், நாலாவது வீடு புதுசு என்றபடியால். சின்னம்மாவின் வீட்டுக் கதவு இரண்டு திறப்பைப் போட்டும் திறக்கவில்லை, நான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறேன், நுளம்பு கடிக்கிறது. அவள் வீட்டுக்கு ஓடிப்போய் நகப்பூச்சுப் போத்தல்களை எடுத்துவந்து படியில் இருந்து ஒவ்வொரு திறப்பின் தலையிலும் ஒரு நிறம் பூசினாள். சுவிஸ் சிவப்பு, டொரொண்டோ நீலம், கொழும்பு பச்சை, சின்னம்மாவுக்கு ரோஸ்.

எங்கள் வீட்டுத் திறப்பையும் எடுத்தாள். அதற்கு நிறம் இல்லை. போத்தல் முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லம்மா, இது நம்மட தானே, தெரியும்தானே" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பொறுத்து, பல்கலைக்கழகம் கொழும்பு கிடைத்தால் விடுதியா, வங்கியில் இருக்கிற அக்கா வீடா என்று கேட்டாள். விடுதி என்றேன். பிலாவில் மூன்று காய் விழுந்து கிடந்தது, ஒன்று வெடித்து எறும்பு. இரண்டை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு, யார் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஒழுங்கை முழுக்க யோசித்துக்கொண்டு வந்தோம்.